மைனர் லீக் பேஸ்பால் டீமோட வரலாறை தோண்டி எடுக்கறது எப்படி: டர்ஹம் புல்ஸை வச்சு ஒரு வழிகாட்டி

நார்த் கரோலினால டர்ஹம் பக்கம் வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு ஒரு தடவையாவது புல்ஸ் மேட்சுக்கு போயிருப்பீங்க, ஆபீஸ்ல டிக்கெட் குடுத்திருப்பாங்க இல்லன்னா பசங்க நச்சரிச்சு இழுத்துட்டு போயிருப்பாங்க, ஹோம் ரன் அடிச்சதும் லெஃப்ட் ஃபீல்டுல அந்த பெரிய காளை போர்டு கண்ணு சிவந்து மூக்குல புகை விடும், பசங்க குதிப்பாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். நாலாவது அஞ்சாவது தடவை போனப்பதான் இது எப்போ ஆரம்பிச்ச டீம், ஏன் காளை, போன வருஷம் இங்க கலக்கின பையன் இந்த வருஷம் எங்கன்னு கேள்வி மேல கேள்வி வந்துச்சு. அதுக்கு பதில் தேடப் போய் கத்துக்கிட்ட வழியத்தான் இங்க எழுதறேன். டர்ஹம் இல்லாம வேற ஊர்ல இருந்தீங்கன்னா உங்க ஊர் டீமுக்கும் இதே வழிதான், டொலிடோவா இருந்தாலும் ரோசெஸ்டரா இருந்தாலும்.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல ஏத்திக்கணும். மைனர் லீக்னா மேஜர் லீக்குக்கு ஆள் தயார் பண்ற கீழ்மட்ட லீக், அந்த டீம்ல பிளேயர் யாரும் அந்த ஊருக்கு சொந்தம் இல்ல. சம்பளம் குடுக்கறது மேல இருக்கற மேஜர் லீக் கிளப், நல்லா ஆடினா நாளைக்கு காலைல ஃபோன் வரும், மத்தியானம் ஃபிளைட் ஏறிடுவான், ஊரு ஜெயிக்கணுமா கப்பு வாங்கணுமாங்கறது அந்த கிளப்புக்கு ரெண்டாம் பட்சம். அதனால ஜோ மார்கன் 1963ல இங்க ஆடினாரு, சிப்பர் ஜோன்ஸ் 1992ல ஆடினாருன்னு ஹால் ஆஃப் ஃபேம் பேரா அடுக்கிட்டு போனா அது வந்துட்டு போன விருந்தாளிங்களோட லிஸ்ட்டா முடிஞ்சிடும். வீட்டோட கதை வேணும்னா போகாம இருந்தவங்கள புடிக்கணும். மைதானம், டிக்கெட் கிழிச்சவர், ஸ்கோர் எழுதின ரசிகர், லோக்கல் பேப்பர் நிருபர், டீமே இல்லாத வருஷத்துலயும் அந்த ஊர்ல இருந்த ஜனங்க. இது புரியாம நான் மொத ரெண்டு மாசம் வெறும் ஸ்டாட்டிஸ்டிக்ஸா சேத்து வச்சு, அப்புறம் அதுல ஒரு பத்தி கூட எழுத முடியாம நின்னேன்.

வேலைய எங்க ஆரம்பிக்கறதுன்னா ஒரு ஸ்ப்ரெட்ஷீட். வருஷத்துக்கு ஒரு வரி. அதுல அஞ்சு காலம் (column) போடுங்க: டீம் பேரு, ஃபிரான்சைஸ் (லீக்ல டீம் நடத்தற உரிமை) யாருது, எந்த லீக், எந்த மேஜர் லீக் கிளப்போட சேந்தது, எந்த மைதானம். இந்த அஞ்சும் ஒன்னுன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா அஞ்சும் தனித்தனியா மாறும், குழப்பம் எல்லாம் இங்கதான் பொறக்குது. டர்ஹமையே பாருங்க. 1902ல ஆரம்பிச்சப்ப பேரு டொபாக்கனிஸ்ட்ஸ், அந்த லீக் அதே வருஷம் ஜூலைல படுத்துடுச்சு. புல்ஸ்ங்கற பேர்ல களத்துல எறங்கினது 1913ல. 1920ல இருந்து பீட்மான்ட் லீக், 1945ல இருந்து கரோலினா லீக், 1968ல இருந்து 1971 வரைக்கும் பக்கத்து ஊர் ராலேவோட சேந்து ராலே-டர்ஹம்னு வேற பேர்ல ஒரே டீம், பாதி மேட்ச் அங்க பாதி மேட்ச் இங்க. மேல இருந்த கிளப்ப பாத்தா டெட்ராய்ட், ஹூஸ்டன், நியூயார்க் மெட்ஸ், அப்புறம் அட்லான்டா பிரேவ்ஸ், 1998ல இருந்து டாம்பா பே.

இதுல 1998 நல்ல உதாரணம். அந்த வருஷம் புல்ஸ் கீழ்மட்டமான சிங்கிள் ஏ லெவல்ல இருந்து, மேஜர் லீக்குக்கு நேர் கீழ இருக்கற ட்ரிபிள் ஏ லெவலுக்கு போய் இன்டர்நேஷனல் லீக்ல சேந்தாங்கன்னு எல்லாரும் எழுதுவாங்க. படிக்கறப்ப ஏதோ ப்ரமோஷன் மாதிரி இருக்கும். ஆனா நடந்தது அது இல்ல. டாம்பா பேங்கற புது மேஜர் லீக் டீம் அந்த வருஷம்தான் வந்துச்சு, அதுக்காக உருவான புது ட்ரிபிள் ஏ ஃபிரான்சைஸ் டர்ஹமுக்கு வந்து புல்ஸ்ங்கற பேர எடுத்துக்கிச்சு, அதுவரைக்கும் இங்க ஆடிட்டிருந்த பழைய கரோலினா லீக் ஃபிரான்சைஸ் டேன்வில்லுக்கு போய் ஒரு வருஷம் இருந்துட்டு 1999ல மர்ட்டில் பீச் பெலிக்கன்ஸா மாறிடுச்சு. அப்போ 1980ல இருந்து 1997 வரைக்குமான வரலாறு யாருக்கு சொந்தம்? பேப்பர்படி பாத்தா பெலிக்கன்ஸுக்கு, ஊர்க்காரங்கள கேட்டா புல்ஸுக்கு. நான் ஊர்க்காரங்க பக்கம்தான். ஆனா ரெண்டையும் ஸ்ப்ரெட்ஷீட்ல தனித்தனியா எழுதிட்டுதான் எந்தப் பக்கம் நிக்கறதுன்னு முடிவு பண்ணணும்.

அந்த டேபிள நிரப்ப பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்ல மைனர் லீக் பகுதி இருக்கு, ஊர் பேரு போட்டா வருஷ வாரியா வந்துடும், ஆள் லிஸ்ட்டோட. அரை நாள் வேலை. நிரப்பி முடிச்சதும் நிரம்பாத வரிகள மஞ்சள் கலர் அடிங்க. டர்ஹமுக்கு 1903ல இருந்து 1912 வரைக்கும் காலி, 1918-19 காலி, 1934-35 காலி, 1944 காலி, 1972ல இருந்து 1979 வரைக்கும் எட்டு வருஷம் காலி, 2020 கொரோனால காலி. இந்த மஞ்சள் வரிகள்தான் உங்களோட உண்மையான ஆராய்ச்சி லிஸ்ட், சும்மா சொல்லல. டீம் இருந்த வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு எவனாவது எழுதி வச்சிருப்பான், இல்லாத வருஷத்துல ஏன் இல்ல, யாரு நிறுத்தினா, யாரு திரும்ப கொண்டு வந்தாங்கற இடத்துலதான் ஊரோட நிலைமை தெரியும். ஒன்னு போர், ஒன்னு கிரேட் டிப்ரெஷன்ங்கற பொருளாதார மந்தம், ஒன்னு கொள்ளைநோய், அந்த எட்டு வருஷத்துக்கு பின்னாடி கூட்டம் கொறஞ்சு மைனர் லீக்கே தேஞ்சு போன காலம்.

அடுத்து பேப்பர். இங்கதான் நேரம் போகும், இங்கதான் சுகமும். டர்ஹம்ல அப்போ ரெண்டு பேப்பர், மார்னிங் ஹெரால்டும் சன்னும், அது போக கறுப்பின மக்களுக்காக வந்த கரோலினா டைம்ஸ். டர்ஹம் கவுன்ட்டி லைப்ரரில நார்த் கரோலினா கலெக்ஷன்னு ஒரு பகுதி, அங்க போய் கேட்டா மைக்ரோஃபிலிம் (பழைய பேப்பர் பக்கங்கள சின்னதா படம் புடிச்ச ஃபிலிம் சுருள்) எடுத்து குடுப்பாங்க. மொத தடவை அந்த மெஷின் முன்னாடி உக்காரும்போது கொஞ்சம் பயமா இருக்கும், ரீல மாட்டி கண்ணாடிக்கு அடியில ஃபிலிம விட்டு திருகிட்டே போகணும், பக்கம் சர்ருன்னு ஓடும், பத்து நிமிஷத்துல தலை சுத்தும், அதனால மெதுவா திருகுங்க, மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. வீட்ல இருந்தே பாக்கணும்னா டிஜிட்டல்என்சி சைட்ல கரோலினா டைம்ஸ் இலவசமா இருக்கு, பழைய சிட்டி டைரக்டரியும் இருக்கு. 1917 வரைக்குமான காலத்துக்கு ஸ்போர்ட்டிங் லைஃப் வார இதழ எல்ஏ 84 லைப்ரரி ஸ்கேன் பண்ணி வச்சிருக்கு, ஸ்பால்டிங் கைடுங்கற வருடாந்திர பேஸ்பால் புத்தகம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல கிடைக்கும்.

தேடும்போது ரெண்டு விஷயம். ஒன்னு, டர்ஹம் புல்ஸ்னு டைப் பண்ணினா பாதி செய்தி வராது, ஏன்னா அந்தக் காலத்து நிருபர் ஊர் பேர மட்டும் போடுவாரு இல்ல லோக்கல்ஸ்னு எழுதுவாரு, ஸ்கேன்ல எழுத்தும் தப்பு தப்பா ஏறியிருக்கும், அதனால எதிர் டீம் ஊரையும் பிட்சர் பேரையும் போட்டு தேடுங்க. ரெண்டாவது தேதி. ராத்திரி மேட்ச் மறுநாள் காலை பேப்பர்லதான் வரும், பேப்பர் தேதிய மேட்ச் தேதின்னு எழுதிட்டா எல்லாம் ஒரு நாள் தள்ளிடும். உதாரணத்துக்கு 1939 ஜூன் 17 மேட்ச் முடிஞ்ச ராத்திரி பார்க்குல தீ புடிச்சு மரத்துல கட்டின கிராண்ட்ஸ்டாண்ட் மொத்தமா எரிஞ்சு போச்சு. இத தேடறவங்க 18ஆம் தேதி ரீல்ல இருந்து பாக்கணும், அதோட நிக்காம அடுத்த ஒரு மாசத்தையும் பாக்கணும், ஏன்னா தீ ஒரு ராத்திரி கதை, அதுக்கப்புறம் எங்க ஆடினாங்க, பணம் யாரு குடுத்தா, 1940 சீசனுக்குள்ள கான்கிரீட்லயும் இரும்புலயும் எப்படி திரும்ப எழுப்பினாங்கங்கறதுதான் ஊரோட கதை.

பாக்ஸ் ஸ்கோர், அதாவது பேப்பர்ல வர்ற மேட்ச் புள்ளிவிவரக் கட்டம், படிக்க கத்துக்கங்க, ஒரு மணி நேரத்துல வந்துடும். ஒரு குடும்பப் பேரு இருக்கும், பக்கத்துல டூ பின்னு போட்டிருக்கும், அப்புறம் வரிசையா 4 1 2 3 5 0னு ஆறு எண். அந்த ஆள் செகண்ட் பேஸ்ல நின்னாரு, நாலு தடவை பேட்டிங், ஒரு ரன், ரெண்டு ஹிட், மூணு பேர நேரடியா அவுட் பண்ணினாரு, அஞ்சு அவுட்டுக்கு பந்த எடுத்து குடுத்தாரு, ஒரு தப்பும் இல்ல. பேட்டிங்க விட அந்த 3 5 0தான் எனக்கு பிடிக்கும், அன்னைக்கு பந்தெல்லாம் இவரு பக்கமே உருண்டிருக்கு, சாயங்காலம் முழுக்க ஆளு குனிஞ்சு நிமிந்துட்டே இருந்திருக்காருன்னு அதுலயே தெரியுது. ஒரே குடும்பப் பேர்ல ரெண்டு பேர் அடுத்தடுத்த வருஷம் வருவாங்க, முழுப் பேரு இருக்காது, அங்க அவசரப்பட்டு ஒரே ஆளுன்னு சேத்துடாதீங்க, பொசிஷனையும் எந்தக் கை ஆட்டக்காரர்ங்கறதையும் வச்சு பிரிக்கணும்.

ஒன்னு கையெடுத்து கும்பிட்டு சொல்றேன், எடுக்கற ஒவ்வொரு குறிப்புக்கும் பேப்பர் பேரு, தேதி, பக்கம், காலம் நம்பர் அப்பவே எழுதிடுங்க. நான் ஒரு சனிக்கிழமை முழுக்க எடுத்த குறிப்புல பக்க நம்பர் போடாம விட்டு அத்தனையையும் திரும்ப உருட்டி தேடினேன், அதுல ரெண்டு இன்னும் கிடைக்கல, அதனால அந்த ரெண்டு விஷயத்தையும் எழுதாமலே விட்டுட்டேன். ஆதாரம் இல்லன்னா எவ்வளவு அழகான விஷயமா இருந்தாலும் விட்டுடணும்.

சரி, ஊர் ஊரா சொல்ற கதைகள் இருக்கே, அத எப்படி சோதிக்கறது? நாலு வகை எடுத்துக்கறேன்.

மொதல் கதை, நம்ப முடியாதது மாதிரி இருக்கும் ஆனா நடந்தது. 1926ல எல் டோரோ பார்க்னு புது மைதானம் திறந்தாங்க, பின்னாடி டர்ஹம் அத்லெட்டிக் பார்க்னு பேர் மாத்தினது அதத்தான். தொடக்க விழாவுக்கு பேஸ்பால் கமிஷனர் ஜட்ஜ் லேண்டிஸ் வந்து நிஜ காளை மேல உக்காந்து மைதானத்துக்குள்ள வந்தாருன்னு சொல்வாங்க. அவரோட படத்த பாத்தீங்கன்னா அவ்வளவு கடுகடுன்னு இருக்கற மனுஷன், காளை மேலயான்னு தோணும். இப்படிப்பட்ட கதைக்கு விதி என்னன்னா, அந்த வாரத்து பேப்பர தேடணும், இருபது வருஷம் கழிச்சு எழுதின நினைவுக் கட்டுரைய இல்ல.

ரெண்டாவது, தலைகீழா போன கதை. காளை போர்டு நூறு வருஷப் பழசுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. புல் டர்ஹம்ங்கற சினிமாவுக்காக 1987ல ஷூட்டிங் நடந்தப்ப செட் மாதிரி வச்ச போர்டு அது, படம் 1988ல வந்து ஓடினதும் ஊர்க்காரங்களுக்கு புடிச்சுப் போய் அப்படியே வச்சுக்கிட்டாங்க, புது பார்க்குலயும் அதே மாதிரி ஒன்னு வச்சிருக்காங்க. பந்து காளை மேல பட்டா ஸ்டேக் (மாட்டிறைச்சி) பரிசு, புல்தரை மேல பட்டா சாலட் பரிசுன்னு அதுல எழுதியிருக்கும். ஆனா காளைங்கற சின்னம் மட்டும் நிஜமாவே பழசு, 1800கள்ல பிளாக்வெல் கம்பெனி வித்த புல் டர்ஹம் புகையிலைல இருந்து வந்தது, அந்த ஃபேக்டரி கட்டடம் இப்போ இருக்கற பார்க்குக்கு எதிர்லயே நிக்குது. புகையிலை ஊர விட்டு போயிடுச்சு, காளை நின்னுடுச்சு.

மூணாவது, நிஜமும் கற்பனையும் கலந்தது. படத்துல வர்ற கிராஷ் டேவிஸ் கற்பனைப் பாத்திரம், ஆனா கிராஷ் டேவிஸ்னு நிஜ ஆளு 1948ல புல்ஸுக்கு ஆடி அந்த வருஷம் 50 டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடற ஹிட்) அடிச்சு லீக்குலயே முதல்ல இருந்திருக்காரு. டீம் ரிடையர் பண்ணி வச்சிருக்கற 8ஆம் நம்பர் சட்டை படத்துப் பாத்திரத்தோடது. இந்த ரெண்டு பேரோட தகவலும் எழுத்துல எப்பவும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், தனித்தனி பக்கத்துல எழுதி வச்சுக்கங்க.

நாலாவது, ஊர்ப்பெருமை. பேஸ்பால்ல பிட்சர்ங்க வார்ம் அப் பண்ற இடத்துக்கு சொல்ற புல்பென்ங்கற வார்த்தையே புல் டர்ஹம் விளம்பரப் பலகைக்கு கீழ பிட்சர்ங்க வார்ம் அப் பண்ணினதால வந்ததுன்னு பெருமையா சொல்வாங்க. 1870கள்லயே அந்த வார்த்தை ரசிகர்கள அடைச்சு நிறுத்தற இடத்துக்கு பேப்பர்ல வந்திருக்கு. அதனால இத உண்மைன்னு எழுதாதீங்க, இப்படி ஒரு பேச்சு ஊர்ல உண்டுன்னு எழுதுங்க.

இப்போ ரொம்ப முக்கியமான இடத்துக்கு வரேன், நிறைய பேரு இங்க ஒரே வரில தாண்டிடறாங்க. நீங்க தேடற டீம் அமெரிக்காவோட தெற்குல இருந்தா, பல பத்து வருஷம் அது வெள்ளைக்காரங்க மட்டும் ஆடின டீம், பார்க்குல கறுப்பின ரசிகர்களுக்கு தனி இடம். ஊரோட அன்பு டீம்னு எழுதும்போது எந்த ஊரோடன்னு கேட்டே ஆகணும். புல்ஸ்ல முதல் கறுப்பின வீரர்கள் ஆடினது 1957ல, பப்பா மார்ட்டனும் டெட் ரிச்சர்ட்சனும். அதே 1957 ஜூன்ல இதே டர்ஹம்ல ராயல் ஐஸ் க்ரீம் கடைல வெள்ளையர் பகுதில உக்காந்ததுக்காக கறுப்பின இளைஞர்கள கைது பண்ணினாங்க. ரெண்டும் ஒரே ஊர், ஒரே வருஷம், ஆனா ஒன்னு ஸ்போர்ட்ஸ் பக்கத்துல இருக்கு இன்னொன்னு செய்திப் பக்கத்துல இருக்கு, ஸ்போர்ட்ஸ் பக்கத்த மட்டும் ஃபோட்டோ எடுத்துட்டு வந்தீங்கன்னா இது உங்க கண்ணுல படவே படாது. அதனால ஒரு முக்கியமான தேதி கிடைச்சா அந்த நாள் பேப்பர முழுசா படிங்க, அப்புறம் லூயிஸ் ஆஸ்டின் நடத்தின கரோலினா டைம்ஸ்ல அதே வாரத்த எடுத்து பக்கத்துல வச்சு படிங்க. ஒரே ஊர்ல ரெண்டு ஊர் இருந்தது தெரியும். இத படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, அதுவரைக்கும் நான் எழுதி வச்சிருந்த முன்னுரைய கிழிச்சுட்டு மறுபடி எழுதினேன்.

பணத்த மறக்காதீங்க. வரலாறுல பாதி மைதானத்துல நடக்கல, மீட்டிங் ரூம்ல நடந்திருக்கு. எட்டு வருஷம் டீம் இல்லாம இருந்த ஊருக்கு 1980ல மைல்ஸ் வுல்ஃப்ங்கறவர் திரும்ப டீம் கொண்டு வந்தாரு, ஃபிரான்சைஸுக்கு அவர் குடுத்தது 2,500 டாலருக்கும் கம்மின்னு சொல்வாங்க, பத்து வருஷம் கழிச்சு கேபிடல் பிராட்காஸ்டிங்கோட ஜிம் குட்மனுக்கு வித்தப்ப அது மில்லியன் கணக்குல போச்சு. நடுவுல 1990ல புது பார்க் கட்ட கடன் பத்திரம் போடலாமான்னு ஓட்டெடுப்பு வச்சாங்க, ஜனங்க வேணாம்னுட்டாங்க. டீம் ஏர்போர்ட் பக்கம் போயிடும்னு பேச்சு வந்துச்சு, அப்புறம் சிட்டி வேற வழில பணத்த பொரட்டி டவுன்டவுன்லயே கட்டினது, 1995ல திறந்தாங்க. இதுக்கெல்லாம் சிட்டி கவுன்சில் மினிட்ஸ் பாக்கணும், பொது ஆவணம், கேட்டா காட்டணும். படிக்க வறட்சியா இருக்கும், ஆனா யாரு எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு அதுலதான் இருக்கு. பழைய மைதானம் எந்த மூலைல என்ன வடிவத்துல இருந்துச்சுன்னு பாக்க சான்போர்ன் ஃபயர் இன்ஷூரன்ஸ் மேப் இருக்கு, மரமா செங்கல்லான்னு கலர் வச்சே சொல்லிடும். ஓப்பன் டர்ஹம் சைட்டுல கட்டட வாரியா பழைய படங்களும் இருக்கு.

அப்புறம் மனுஷங்க. இத கடைசில வைக்காதீங்க, பேப்பர் அங்கயேதான் இருக்கும், வயசானவங்க இருக்க மாட்டாங்க. மேட்ச் ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாடி போங்க, சீட் காட்டற பெரியவங்கதான் வாசல்ல நிப்பாங்க, பேஸ்பால் பத்தி கேட்டா சந்தோஷமா பேசுவாங்க. எந்த பிளேயர உங்களுக்கு புடிக்கும்னு கேட்டா எல்லாரும் அதே நாலு பேர சொல்வாங்க. அத விட்டுட்டு, பழைய பார்க்குல எங்க உக்காருவீங்க, யாரு கூட போவீங்க, மழை வந்தா எங்க ஒதுங்குவீங்க, டீம் இல்லாத அந்த வருஷங்கள்ல சாயங்காலம் என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. வீட்ல பழைய ஸ்கோர்கார்டு இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒரு பெரியவர் எனக்கு ஒரு ஸ்கோர்கார்டு காட்டினாரு, பென்சில்ல ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் அழகா குறிச்சிருந்துச்சு, அதுக்கப்புறம் வெறும் கட்டம். என்ன ஆச்சுன்னு கேட்டேன். பொண்ணு தூங்கிடுச்சு, தோள்ல போட்டு தூக்கிட்டு வீட்டுக்கு போயிட்டோம், பென்சில் புடிக்க கை இல்லன்னாரு. எந்த பேப்பர்லயும் இது இருக்காது. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அனுமதி வாங்குங்க, எழுதினத அவங்க கிட்ட திரும்ப படிச்சு காட்டுங்க, தேதி சம்பந்தமா அவங்க சொல்றத மட்டும் பேப்பர வச்சு சரி பாத்துக்கங்க.

எழுத உக்காரும்போது 1902ல ஆரம்பிச்சு வரிசையா வராதீங்க, யாரும் 1913ஐ தாண்ட மாட்டாங்க. ஒரு மஞ்சள் வரில ஆரம்பிங்க. டர்ஹமுக்கு நான் எடுத்துக்கிட்டது 1972, காலியா நின்ன பார்க். அங்கிருந்து பின்னாடி போய் தீ, காளை, ஜட்ஜ், அப்புறம் முன்னாடி வந்து 1980. வில்லியம் பிராம்ஹம் மாதிரி ஆளுங்களுக்கு இடம் குடுங்க, 1902ல டீம் ஆரம்பிச்ச உள்ளூர் வக்கீல், பின்னாடி 1933ல இருந்து 1946 வரைக்கும் அமெரிக்காவோட மொத்த மைனர் லீக் அமைப்புக்கும் தலைவரா இருந்தவரு, அந்த ஆபீஸே டர்ஹம்ல இருந்துச்சு, ஆனா இப்போ மேட்சுக்கு வர்ற பத்து பேர கேட்டா ஒருத்தருக்கும் அவர தெரியாது. கப்பு விஷயத்த சுருக்கமா முடிச்சுக்கலாம், இன்டர்நேஷனல் லீக்கோட கவர்னர்ஸ் கப் 2002, 2003, 2009னு போகும், 2009லயும் 2017லயும் 2022லயும் ட்ரிபிள் ஏ நேஷனல் சாம்பியன், அது போதும்.

படம் போடறதா இருந்தா அமெரிக்கால வெளியாகி 95 வருஷம் தாண்டினத தைரியமா போடலாம், மத்ததுக்கு லைப்ரரிலயோ பேப்பர்லயோ எழுதிக் கேளுங்க. யார் வீட்டு ஆல்பத்துல இருந்தாவது படம் வாங்கினா அன்னைக்கே ஸ்கேன் பண்ணிட்டு திருப்பி குடுங்க. அவங்க சம்மதிச்சா படத்துக்கு பின்னாடி மெத்து பென்சில்ல லேசா பேரும் வருஷமும் எழுதி வைங்க, பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிடும். எழுதி முடிச்சதும் ஒரு பிரிண்ட் எடுத்து, நேர்காணல் ஆடியோவையும் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டையும் சேத்து லைப்ரரில அதே கலெக்ஷன்ல குடுங்க, மஞ்சள் வரிகள அழிக்காம அப்படியே விட்டு குடுங்க, நீங்க நிரப்ப முடியாத கட்டத்துக்கு பதில் வச்சிருக்கற ஆளு அடுத்த வாரமே அங்க வந்து உக்காரலாம்.